ரொசாரியோவின் காலி மனைகளில் விளையும் கீரை

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தைச் சே குவேராவும் லியோனல் மெஸ்ஸியும் பிறந்த ஊராக நம்மில் பலருக்குத் தெரியும். தானிய வியாபாரிகளுக்கு அது சோயா துறைமுகம். பரானா ஆற்றங்கரையில் ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. சுற்றுவட்டாரத்து வயல்களில் விளையும் சோயா அங்கே எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் மாறி உலகெங்கும் கப்பலேறுகிறது. அந்த ஊரில்தான் 2001 டிசம்பரில் மக்கள் பசி பொறுக்காமல் கடைகளைச் சூறையாடினார்கள். வங்கியில் போட்ட சொந்தப் பணத்தை எடுக்கக்கூட அரசு வரம்பு விதித்திருந்த நேரம் அது. அடுத்த ஆண்டில் நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டார்கள்.

கண்ணுக்கெட்டிய தூரம் பயிர் நிற்கும்போது ஊருக்குள் பட்டினி எப்படி வந்தது? வயலில் நின்றது ஏற்றுமதிப் பயிர். ரொசாரியோவின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்தவர்களில் பலர் வடக்கே சாக்கோ முதலான மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகள் அவர்களுடையவை. நகரத்தில் வேலையும் இல்லை, நிலமும் இல்லை.

2002-இல் மாநகராட்சி நகர்ப்புற வேளாண் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே தோட்ட வேலையில் இறங்கியிருந்த ஒரு தன்னார்வ அமைப்பும், தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் 1990 முதல் நடத்திவந்த ‘புரோ ஊர்த்தா’ என்ற வீட்டுத்தோட்டத் திட்டமும் கைகோத்தன. முதலில் சுமார் இருபது குழுக்களுக்கு விதையும் கருவிகளும் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் தோட்டங்கள் 800-ஐத் தாண்டின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவற்றில் பங்கெடுத்தன.

இந்தக் கதையை விதை கொடுத்து வென்ற கதையாகச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. விதை கொடுப்பது எந்த அரசுக்கும் எளிது. பொட்டலத்தை நீட்டுவார்கள், படம் எடுப்பார்கள், கணக்கில் ஏற்றுவார்கள். மூன்றாம் மாதம் பூச்சி விழுந்தால் யாரிடம் கேட்பது, விளைந்ததை எங்கே விற்பது, நிலத்துக்காரர் வந்து காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? தோட்டக்காரரைக் கைவிட வைப்பவை இந்தக் கேள்விகள்தாம். ரொசாரியோ இவற்றுக்குப் பதில் தேடியது.

முதலில் நிலம். வெள்ளம் ஏறும் ஓடைக்கரை, ரயில் பாதையோரம், நெடுஞ்சாலை ஓரம் என்று வீடு கட்ட உதவாத இடங்கள் ஊருக்குள் நிறையக் கிடந்தன. அவற்றைக் கணக்கெடுத்து, உரிமையை மாற்றாமல், பயிரிடும் அனுமதியை மட்டும் மாநகராட்சி கொடுத்தது. பிறகு இன்னும் ஒரு படி மேலே போய் ‘தோட்டப் பூங்கா’ என்ற ஒன்றை உருவாக்கியது. பூங்கா என்றால் நடைபாதையும் புல்வெளியும் மட்டும்தான் என்று யார் சொன்னது? தெற்கே சலதீயோ ஓடையை ஒட்டிய மொலினோ பிளாங்கோ அப்படிப்பட்ட ஒரு பூங்கா. வேலி, தண்ணீர், கருவிக் கொட்டகை ஆகியவை பொதுச் செலவு. பாத்திகள் குடும்பங்களின் பொறுப்பு. ஓடை பெருகினால் ஒரு போகம் கீரை போகும், வீடு போகாது. பூங்கா என்று அரசுப் பதிவேட்டில் ஏறிய இடத்தைத் தோட்டக்காரரிடமிருந்து பிடுங்குவதும் அவ்வளவு எளிதல்ல.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்துக் காலி மனையைத் தோண்டினால் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும்தான் முதலில் வரும். சாலையோர மண்ணில் பழைய பெட்ரோலின் ஈயம் தங்கியிருக்கவும் கூடும். அதனால் எந்த நகரத்திலும் மண் பரிசோதனைதான் முதல் வேலை. மோசமான இடத்தில் மட்கு உரத்தைக் கொட்டி, தரைக்கு மேலே பாத்தி கட்ட வேண்டும். ரொசாரியோவின் திட்டத்தில் ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் கிடையாது. மண்ணை இலைச்சருகாலும் மட்காலும்தான் தேற்றியாக வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஆளும் வேண்டும். அந்த வேலையை மாநகராட்சியின் வேளாண் அலுவலர்களும் அனுபவப்பட்ட தோட்டக்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பையும் உருவாக்கிக்கொண்டார்கள். தனியாகப் போனால் மனு. கூட்டமைப்பாகப் போனால் பேச்சுவார்த்தை.

அடுத்தது சந்தை. நம்மூர் உழவர் சந்தை போலவே இடைத்தரகர் இல்லாத வாரச் சந்தைகளை நகரின் சதுக்கங்களில் அமைத்தார்கள். அர்ஜென்டினாக்காரர்கள் விரும்பி உண்ணும் ‘அசெல்கா’ என்ற கீரை அங்கே கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பீட்ரூட் குடும்பத்தைச் சேர்ந்தது, அகன்ற இலையும் தடித்த வெள்ளைத் தண்டும் கொண்டது. காலையில் அறுத்தது மதியத்துக்குள் சமையலறைக்குப் போய்விடும். விற்காமல் தங்கும் காய்களைக் கழுவி நறுக்கித் தட்டில் அடைத்து விற்கச் சிறு கூடங்களும் வந்தன. குடிசைப் பகுதிப் பெண் விளைவித்ததை நடுத்தர வர்க்கத்தார் நேரில் பேசி வாங்கினார்கள். காசைப் போலவே அந்தப் பேச்சுக்கும் மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

பொருளாதாரம் தேறியதும் பலர் பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள். தோட்டங்களின் எண்ணிக்கையும் சரிந்தது. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். நெருக்கடியில் கைகொடுத்ததை, நெருக்கடி தீர்ந்ததும் சிலர் விட்டுப்போவது இயல்பு. நிலத்துக்கும் விற்பனைக்கும் வழி உறுதியாக இருந்ததால், தொடர நினைத்தவர்களுக்கு அது ஒரு தொழிலாகவே நின்றது. 2021-இல் உலக வள நிறுவனத்தின் நகரங்களுக்கான ராஸ் மையப் பரிசு, 2,50,000 டாலர், ரொசாரியோவுக்குக் கிடைத்தது. அப்போது அங்கே 75 ஹெக்டேர் பயிரில் இருந்தது. ஆண்டு விளைச்சல் சுமார் 2,500 டன் காய்கனி.

ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழும் ஊரில் அது தலைக்கு ஆண்டுக்கு இரண்டரை கிலோதான். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் இது ஒரு வாரத்துக்கும் வராது. நகரம் தனக்குத்தானே சோறு போட்டுக்கொள்ளும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். இந்தத் தோட்டங்கள் ஒரு குடும்பத்துக்கு வருமானமும், கீரைக்கடை இல்லாத தெருவுக்குக் கீரையும், குப்பைமேடாகக் கிடந்த மனைக்கு ஒரு காவலும் தருகின்றன. அதற்காகவே அவை வேண்டும்.

இதே யோசனை கொழும்பையும் தொட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2004 முதல் நடத்திய ‘உண்ணத்தகு நிலக்காட்சி’ திட்டத்தில் ரொசாரியோ, உகாண்டாவின் கம்பாலா ஆகியவற்றோடு கொழும்பும் மூன்றாவது நகரமாக இருந்தது. நெருக்கமான குடியிருப்பை வடிவமைக்கும்போதே விளைநிலத்துக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குவது எப்படி என்று மூன்று ஊர்களிலும் முயன்று பார்த்தார்கள்.

ரொசாரியோவில் இப்போது இந்த வேலை நகர விளிம்புக்கும் விரிந்திருக்கிறது. அங்கே காய்கறி பயிரிடுபவர்களில் பலர் பூச்சிமருந்துக்குப் பழகியவர்கள். ‘பசுமை வளையம்’ என்ற திட்டத்தில் வேளாண் அலுவலர்கள் அவர்களது வயலுக்கே போய், மருந்தில்லாச் சாகுபடிக்குப் படிப்படியாக மாறத் துணை நிற்கிறார்கள். மாறுகிறவர்களின் காய்களையும் நகரத்துச் சந்தைகளில் விற்க வழி செய்து தருகிறார்கள்.