தொற்றுநோயும் நாட்பட்ட நோயும்: மருத்துவ ஆய்வு நமக்குக் கூறுவது

2020ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் பரவிய கொரோனா நோயைக் குறித்து நம் சபைகளில் இன்றும் எழும் கேள்வி ஒன்றுண்டு. ஒரே வீட்டில் இருவருக்கு அந்நோய் கண்டது, ஒருவர் பிழைத்தார், மற்றவர் மாண்டார், ஏன்? விசுவாசக் குறைவே காரணம் என்றனர் சிலர். விதி என்றனர் வேறு சிலர். மருத்துவ ஆய்வு இதற்கு ஓரளவு தெளிவான விடை தந்துள்ளது. துக்க வீட்டில் நின்று பேசும் பொறுப்புடைய நாம் அவ்விடையை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவதாக, நம் மாநிலத்தைப் பற்றிய ஆய்வைக் காண்போம். ரமணன் லட்சுமிநாராயண் முதலானோர் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் திரட்டப்பட்ட விவரங்களை ஆராய்ந்து, 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். மாண்டோரில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர்க்கு முன்னரே ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் இருந்தது; 45 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர்.

எனினும், இவ்வெண்களை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் தகாது. நீரிழிவு முதியோரிடம் மிகுதி. கொரோனாவால் மாண்டோரிலும் முதியோரே மிகுதி. ஆகவே முதுமையின் பங்கு எவ்வளவு, நீரிழிவின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய வேண்டும். இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை இதனைச் செய்தது. வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், நீரிழிவு இல்லாதோரைவிட, அது கட்டுக்குள் இருந்தோர்க்கு மரண அபாயம் ஏறத்தாழ 1.3 மடங்காகவும், கட்டுக்கடங்காதோர்க்கு ஏறத்தாழ 2 மடங்காகவும் இருந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது ஒன்றே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வு நிரூபித்துவிடாது. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது.

இரண்டாவதாக, இது நிகழும் விதம். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுகிறது. இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. சிகிச்சையிலும் ஒரு சிக்கல் உண்டு. பிராண வாயு தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரை டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து காக்கக்கூடும் என 2020இல் இங்கிலாந்தின் 'ரிகவரி' ஆய்வு காட்டிற்று. ஆனால் அதே மருந்து சர்க்கரையை உயர்த்தவும் செய்யும். 2021இல் இந்தியாவில் பலரைத் தாக்கிய கரும்பூஞ்சை நோய் பெரும்பாலும் நீரிழிவு உடையோரிடமே காணப்பட்டது. இத்தகைய மருந்துகளை முறையின்றிப் பயன்படுத்தியதும் அதற்கு வழிவகுத்தது.

மூன்றாவதாக, இச்செய்தியை விருத்தாசலம் போன்றதோர் ஊரில் வைத்துப் பார்ப்போம். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர் இது. களிமண்ணோடு படிகக்கல் தூளும் சேர்த்துப் பீங்கான் செய்வது வழக்கம். அத்தூளிலுள்ள சிலிக்கா காற்றில் கலந்து ஆண்டுக்கணக்கில் சுவாசத்தோடு உட்செல்லின், நுரையீரலில் தழும்பு உண்டாகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய் பற்றும் அபாயத்தையும் இது பெருக்குகிறது. சாதாரணத் துணிக் கவசம் இந்நுண்தூசியைத் தடுக்கப் போதாது. உலர்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்தால் துடைப்பதும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவி அமைப்பதும் தேவை. நாட்பட்ட நோய் உடலில் மட்டும் பிறப்பதன்று, வேலைத்தலத்திலும் பிறக்கிறது என்பதை இவ்வூர் நமக்கு நினைவூட்டுகிறது.

இவற்றால் ஆயர்களாகிய நாம் பெறும் பாடம் யாது? கொள்ளைநோய் திடீரென வருகிறது. ஆனால் அதற்கு இரையாகும் உடல் பல ஆண்டுகளாக மெல்லத் தளர்ந்து வருகிறது. அவ்வாண்டுகளில்தான் நாம் வீடு வீடாகச் சந்திப்புக்குச் செல்கிறோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, மாத்திரை தவறாமல் உட்கொள்ளப்படுகிறதா, அதனை வாங்கித் தருவார் யார் என்ற மூன்று கேள்விகளை ஜெபத்தோடு சேர்த்துக் கேட்பது நம் பணிக்குப் புறம்பானதன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை இல்லந்தோறும் சேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என எவரேனும் கூறக் கேட்டால், அதனை அன்புடன், ஆனால் உறுதியாக மறுப்பது நம் கடமை.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ்செய்தவன் யார் என்று வினவினர். ஆண்டவரோ அவ்வினாவை ஏற்கவில்லை; அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். மாண்டவர் மீது பழி தேடுவதை விடுத்து, இருப்போரின் உடல்நலத்தை இன்றே விசாரிப்பதே நமக்கும் உரிய வழி.