சொன்னதோடு நில்லாத கைகள்

"எனக்குச் சொன்ன வேலையை நான் செய்துவிட்டேன், மற்றது என் பொறுப்பல்ல." தொழிற்சாலையிலும் கடையிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் நாம் கேட்கும் சொல் இது. இதில் பொய்யில்லை. ஆயினும், இந்த எண்ணத்தோடு நின்றுவிட்டவர் எவரும் உயர்ந்ததாக வரலாறு இல்லை. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மக்கள் நிறைந்து வாழும் வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்குச் சென்றால் போதும்.

மலைமேல் ஒரு பாடம்

காவலூரில் வானாய்வுக் கூடம் அமைய வழிகண்டவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. பெரிய தொலைநோக்கி வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று அவர் கைகட்டிக் காத்திருக்கவில்லை. தம் பணிக்கூடத்திலேயே உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1968-இல் அங்கே பணியைத் தொடங்கினார். ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல்தான் வந்து சேர்ந்தது.

1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் என்று கணித்திருந்தார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனை நோக்கியிருந்தனர். குறித்த வேளைக்கு முன்னதாகவே அதன் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. அவர்கள் முன்கூட்டியே பணியைத் தொடங்கியிருந்ததால்தான் அது பதிவாயிற்று. 'கருவியின் கோளாறு' என்று ஒதுக்காமல் அதை உலகுக்கு அறிவித்தனர். முதலில் அதைப் புதியதொரு துணைக்கோள் என்றே கருதினர். இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்தவாறு ஆராய்ந்த அமெரிக்கக் குழுவினரும் சுமார் நாற்பது நிமிடம் முன்பே கருவிகளை இயக்கியிருந்தார்கள். எல்லோருடைய பதிவுகளையும் ஒப்பிட்டபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது புலனாயிற்று.

எண்ணிப் பாருங்கள்! இவர்கள் யாவரும் குறித்த நிமிடத்தில் மட்டும் கண்விழித்திருந்தால், அந்த வளையங்கள் அன்று எவர் கண்ணிலும் பட்டிருக்குமா?

திருமறை காட்டும் வழி

மன்னரின் கனவுக்கு விளக்கம் கேட்டார்கள் நபி யூசுஃப் (அலை) அவர்களிடம். விளக்கம் சொன்னதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைக்கும் திட்டத்தையும் கேளாமலே வகுத்துக் கொடுத்தார்கள். பின்னர், களஞ்சியப் பொறுப்பைத் தாமே முன்வந்து கேட்டும் பெற்றார்கள். பஞ்ச காலத்தில் ஒரு நாடே பசியிலிருந்து தப்பியது.

மத்யன் நகரின் கிணற்றடியில், ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நபி மூஸா (அலை) அவர்கள் கூலி எதிர்பாராமல் நீர் புகட்டினார்கள். அந்தச் செயலே அவர்களுக்கு வேலையையும் இல்லறத்தையும் பெற்றுத் தந்தது. அந்தப் பெண் தம் தந்தையிடம் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். இன்றைய முதலாளியும் தேடுவது இவ்விரண்டைத்தானே!

நமக்குரியது

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் தொழிற்சாலையில் பணியாற்றுகிறீர்களா? இயந்திரத்தின் ஓசை மாறினால், அது நிற்கும்வரை காத்திராதீர்கள்; மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். கடையில் இருக்கிறீர்களா? சரக்கு தீருமுன் குறித்துக் கொடுங்கள். குறையை மட்டும் சொல்லாமல், அதைத் தீர்க்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால், முன்வருதல் வேறு, அத்துமீறல் வேறு. பிறர் பொறுப்பில் உள்ளதை அவர் அனுமதியின்றி மாற்றுவது அமானிதத்துக்கு ஏற்றதன்று.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். யோசனை சொல்ல வந்தவனை "உன் வேலையைப் பார்" என்று ஒருமுறை அதட்டினால், மறுமுறை ஆபத்தைக் கண்டாலும் அவன் வாய் திறக்கமாட்டான். கூடுதலாக உழைத்தவனுக்குக் கூலியையும் கூடுதலாகக் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்!

இந்தப் பண்பு முளைவிடும் இடம் வீடு. சொல்லாமலே தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்த பிள்ளையை ஒரு வார்த்தை பாராட்டுங்கள், தாய்மார்களே! நாளை அவன் பணியிடத்திலும் அவ்வாறே நடப்பான்.

வைணு பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாகிக்கொண்டிருந்தபோது, 1982-இல் அவர் மறைந்தார். உடனிருந்தோர் பணியை நிறுத்தவில்லை. 1986-இல் அந்தத் தொலைநோக்கியும் ஆய்வுக்கூடமும் அவர் பெயரையே தாங்கின. ஏவுவதற்கு ஆளில்லாதபோதும் நிறைவேறுகிற வேலையே உண்மையான உழைப்பு. மேற்பார்வையாளர் பார்க்காத வேளையிலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிற நமக்கு, அது இயல்பாகவே வரவேண்டிய பண்பன்றோ!