ஒரே ஆள், ஒரே பெயர் – எல்லாப் புத்தகத்திலும்!



குழுவில் புதுசாக ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரை எத்தனை இடத்தில் எழுதுகிறோம்? உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, தனிநபர் பாஸ்புக், கூட்டமைப்புப் பட்டியல், வங்கிப் படிவம். ஆறு இடம்! ஆறிலும் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை.

ஓசூர் பக்கம் நாம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். ஆனேக்கல், அத்திப்பள்ளியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவருக்கு ஆதாரில் 'லட்சுமம்மா', குழுவில் 'லட்சுமி', வங்கியில் கணவர் இனிஷியலோடு 'ம. லட்சுமி' என்று இருக்கலாம். மூன்றும் ஒருவர்தான் என்று ஊருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? மூன்று பேர் என்றே எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் குழு இயக்கத்துக்கு நம்ம மண்தான் தாய்வீடு. 1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அப்போதெல்லாம் நோட்டுப் புத்தகம்தான் கணக்கு. 2015ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்ற திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கி, குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் 'லோகோஸ்' செயலி வந்திருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? கணக்கெழுதுபவர் உறுப்பினர் விவரத்தைச் செல்போனில் பதிகிறார். சிக்னல் கிடைக்காத மலை ஊரிலும் பதியலாம், கிடைத்ததும் அனுப்பலாம். ஒரு இடத்தில் பதிந்ததை, இணைப்பில் உள்ள மற்ற இடங்களும் எடுத்துக்கொள்வதைத்தான் 'சிங்க்' என்கிறார்கள். ஏரி மதகைத் திறந்தால் வாய்க்கால் எல்லாம் தண்ணீர் பாய்கிற மாதிரி. ஆனால் ஏரித் தண்ணீர் கலங்கியிருந்தால் எல்லா வயலுக்கும் கலங்கல்தானே போகும்? தப்பாகப் பதிந்த பெயரும் அப்படித்தான்.

எல்லா வாய்க்காலும் இணைந்தும் இல்லை. ஆதாரில் முகவரியை மாற்றினால் வங்கியில் தானாக மாறிவிடாது. வங்கிக்கு நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சரி, பெயர் மாறினால் என்ன நஷ்டம்? 2016ல் ரிசர்வ் வங்கி, குழுக் கடனை உறுப்பினர் வாரியாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. விவரம் தப்பாக இருந்தால் நாம் ஒழுங்காகக் கட்டிய கடன் நம் பெயரில் சேராமல் போகலாம். இன்னொருவர் பாக்கி நம் தலையில் விழலாம். நாளைக்கு மகள் படிப்புக்கோ கறவை மாட்டுக்கோ கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கும். காப்பீட்டில் வாரிசு பெயர் பொருந்தாவிட்டால், துக்கத்தில் இருக்கும் குடும்பம் வங்கிக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

அதனால் அடுத்த கூட்டத்திலேயே இதைச் செய்வோம்:

* ஆதார், வங்கி பாஸ்புக், குழுப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவோம்.
* பெயரை மட்டும் நம்பாமல் உறுப்பினர் எண்ணையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரே ஊரில் நாலு மஞ்சுளா இருப்பார்கள்!
* கம்பெனி வேலைக்குப் போகிற சகோதரிகள் சிம் கார்டை மாற்றினால், புது நம்பரைக் குழுவிலும் வங்கியிலும் சொல்லிவிட வேண்டும்.
* விலகியவர், இறந்தவர் பெயரைத் தீர்மானம் போட்டு உடனே நீக்குவோம்.
* யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லக் கூடாது.

செல்போனில் பதிந்த பிறகு, பதிந்ததை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் பெயரும் தன் சேமிப்பும் தெரியும். கணக்கு நம்முடையது, கேட்கிற உரிமையும் நம்முடையதுதான்!