மண்ணுக்குள் ஒலிக்கும் ஐயம்

உலோகங்காட்டும் கருவியைப் புதிதாகக் கையிலெடுப்பவன், ஒலி கேட்டவுடன் புதையல் கிடைத்துவிட்டதென்றே எண்ணுகின்றான். கருவியோ அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. அதன் கம்பிச்சுருளில் எழும் மாறும் காந்தப்புலம், மண்ணிற் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அவ்வோட்டம் தோற்றுவிக்கும் எதிர்ப்புலமே ஒலியாக மாறிச் செவியில் விழுகின்றது. ஆழம் மிக மிக அது விரைந்து மெலிகின்றது. ஆகவே, மேலே கிடக்கும் சிறு நாணயமும் ஆழத்தே புதைந்த பெருந்தகடும் ஒரே குரலில் ஒலிக்கக்கூடும். சுருளைச் சற்று உயர்த்திப் பார்த்தல் வேண்டும். ஒலி சட்டென மறையின் பொருள் சிறிது, அண்மையிலுள்ளது. மெல்லக் குறையின் பெரிது, ஆழத்திலுள்ளது. குறுக்காக மறுமுறை வீசும்போது ஒலி தடுமாறினால், பெரும்பாலும் அது துருப்பிடித்த ஆணியே.

இவ்வையம் வயலில் மட்டுமன்று, நோயாளியின் படுக்கையருகிலும் எழுந்ததுண்டு. 1881 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிற் குண்டைத் தேடுதற்கு, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். குண்டுக்குரிய கூர்மையான ஒலி ஓரிடத்திலும் எழவில்லை; பரந்த பகுதியெங்கும் மங்கலான ஒலியே கேட்டது. பின்னர் விசாரித்தபோது, நோயாளி படுத்திருந்த மெத்தையின் கீழே எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தமை தெரியவந்தது. தலைமை வைத்தியரோ, குண்டு வலப்புறத்திலேயே உள்ளதென நம்பி, அப்பக்கத்தையே தேடவிட்டார். செப்டெம்பர் 19 ஆம் திகதி ஜனாதிபதி காலமானார். அவர் உயிரைப் பறித்தது குண்டினும் மேலாகப் புண்ணிற் பரவிய நச்சே என்பர் இக்கால வைத்தியர். பிரேத பரிசோதனையிற் குண்டு முதுகெலும்பின் இடப்புறத்தே காணப்பட்டது.