பன்னீர் திராட்சைக்கு மட்டும் ஏன் ஊர்ப் பெயர்?

எங்கள் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் தள்ளுவண்டிக்காரரிடம் பன்னீர் திராட்சை என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். விலைக்கு முன்னால் ஊர்தான் வரும். "கம்பத்துப் பழம்மா, நம்பி வாங்குங்க!" சேலத்து மாம்பழம், பண்ருட்டிப் பலா மாதிரி ஊரைச் சொல்லி விற்கும் பழம் இது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொடி எங்கே படர்ந்தால் என்ன, பழம் ஒன்றுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை!

பன்னீரின் நிஜப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். வாயில் போட்டதும் ரோஜாப் பன்னீர் வாசனை அடிக்கிறதல்லவா, அதனால் நம்மவர்கள் வைத்த பெயர் பன்னீர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள்.

பிரான்ஸில் போர்தோ என்றொரு கடலோரப் பிரதேசம் சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. (முகம் சுளிக்காதீர்கள், செய்முறை சொல்லப் போவதில்லை!) கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். அதனால் அங்கே குளிரும் வெயிலும் அளவுக்கு மீறுவதில்லை. மண்ணிலோ கூழாங்கல் அதிகம், தண்ணீர் தேங்காது. திராட்சை வேருக்கு ஈரம் வேண்டும், சேறு ஆகாது.

கம்பத்தில் கடல் இல்லை. ஆனால் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை. நடுவே பள்ளத்தாக்கு. மழையின் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்கிறது. பாசனத்துக்கு முல்லைப் பெரியாறு இருக்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் மலைக்காற்று. கறுஞ்சிவப்பு நிறம் பழத்தின் தோலில்தான் ஊறுகிறது. 35 டிகிரிக்கு மேல் காய்ந்தால் அந்த நிறம் சரியாக ஏறாது. புளிப்பும் சீக்கிரம் குறைந்து பழம் வெறும் தித்திப்பாகிவிடும். ராத்திரி குளிர்ந்தால் நிறம், புளிப்பு இரண்டும் தங்கும்.

எங்கள் ஊரிலும் மலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சுமார் 800 மீட்டர் உயரம்! ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, ராத்திரி அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சித்திரையில் கிரிவலம் போனவர்களின் பாதங்களைக் கேளுங்கள்! ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், பூஞ்சை நோய் வரும்.

அதற்காக வீட்டுக் கொடியைக் கைவிட வேண்டியதில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் கண் கலங்க வந்தாள். "அக்கா, மூணு வருஷமா இலைதான் விடுது. மலட்டுக் கொடி, வெட்டிப் போடுன்னு அத்தை சொல்றாங்க. சொல்லிட்டு என்னையே பாக்கறாங்க." கல்யாணமாகி அவளுக்கும் மூன்று வருஷம். எனக்குச் சுருக்கென்றது. கொடி மலடு இல்லை, கவாத்துதான் செய்யவில்லை! குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், விழித்ததும் புதுத்துளிரோடு பூங்கொத்து விடும். நம் ஊரில் அந்தத் தூக்கம் கிடையாது. கத்தரிக்கோல்தான் அதற்குப் பனிக்காலம். கம்பத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால்தான் வருஷம் முழுக்கப் பழம் வருகிறது.

மழை ஓய்ந்ததும் மார்கழி, தையில், பென்சில் கனமுள்ள முதிர்ந்த கிளைகளில் நாலைந்து கணு விட்டு வெட்டச் சொன்னேன். மெலிந்த கிளைகளில் இரண்டு கணு போதும். பந்தலில் வெயில் விழ வேண்டும். சித்திரைக் கடைசியில் ஆறு கொத்து பழுத்தது. நிறம் கம்பத்துப் பழம் மாதிரி இல்லை, வெளிர்ச் சிவப்புதான். அவள் மாமியாரே ஒரு கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடியைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

கடையில் வாங்கும்போது காம்பு பச்சையாக இருக்கிறதா பாருங்கள். கொத்தில் இரண்டொரு பச்சைக்காய் இருந்தால் ஒதுக்காதீர்கள், பன்னீர் ஒரே சீராகப் பழுக்காது. மேலே மாவு பூத்தது போலிருப்பது பழத்தின் சொந்த மெழுகு. ஆனாலும் மருந்து தெளித்திருப்பார்கள், குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விதை எடுத்து, நீளவாக்கில் நாலாக நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள்.