ஓடை வற்றியபோது

வாலாஜாபாத்தில் பொழுது புலர்வதற்கு முன்னரே சாலையோரத்தில் ஆட்கள் வந்து நின்றுவிடுகின்றனர். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் சாப்பாட்டுப் பை. ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து அவர்களை ஏற்றிச் செல்கின்றன. அந்தப் பேருந்தை நம்பியே வீட்டுக் கடனும், தங்கையின் திருமணமும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும் திட்டமிடப்படுகின்றன. ஒருநாள் அந்தப் பேருந்து வராமற்போனால்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் திரளாக அங்கே சேர்ந்தனர். நல்ல நிலையில் இருந்த காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாலையில் நேரடியாகப் பணியாற்றினர். தந்தையின் கூலியை மட்டுமே கண்டிருந்த பல வீடுகளில், மாதந்தோறும் வங்கியில் விழுந்த முதற் சம்பளம் மகளுடையதாக இருந்தது.

2013இல் வரித் தகராறு எழுந்தது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, திருப்பெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று வெளியேறினர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அதிலும் 'விருப்ப' ஓய்வு! சொற்கள் சில வேளைகளில் மனிதரை எவ்வளவு எளிதாக ஏமாற்றிவிடுகின்றன! எஞ்சியோருக்கும் 2014 நவம்பர் 1ஆம் நாளோடு ஆலை மூடப்பட்டது. அன்று அனைத்துப் புனிதர் திருநாள். மறுநாள் ஞாயிறு, கல்லறைத் திருநாள். அந்த ஞாயிறன்று மெழுகுதிரி ஏற்றக் கல்லறைத் தோட்டம் சென்ற எத்தனை குடும்பங்கள், இறந்தோருக்காக மட்டுமன்றி இழந்ததற்காகவும் அழுதிருக்கும் என்பதை ஆண்டவரே அறிவார்.

அந்தப் பெண்கள் செய்த குற்றம் யாது? நேரத்துக்கு வந்தார்கள், கொடுத்த வேலையைத் திருத்தமாகச் செய்தார்கள். முடிவெடுத்தவர்களோ தொலைவில் இருந்தார்கள். ஆயினும் வேலை போனதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "நாம் என்ன பாவம் செய்தோம், கடவுள் நம்மை ஏன் கைவிட்டார்?" என்பதே.

இக்கேள்வியோடு வருவோர் அரசர்கள் முதல் நூலின் பதினேழாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் எலியாவைக் கெரீத்து ஓடையருகே போய்த் தங்கும்படி அனுப்பியவர் கடவுளே. எலியா கீழ்ப்படிந்தார். காகங்கள் உணவு கொண்டுவந்தன. ஓடை நீர் தந்தது. பிறகு நடந்ததை நாம் அவசரமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த ஓடை வற்றிப்போயிற்று! கடவுள் காட்டிய இடத்தில், கடவுள் சொன்னபடி இருந்தவருடைய ஓடைதான் வற்றியது. எலியா பாவம் செய்ததனால் அன்று. நாட்டில் மழை இல்லாததனால். பாலாற்றங்கரையில் வாழும் நம் மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து, கரையோர ஊரார் பாவிகள் என்று நாம் சொல்வதில்லையே.

மற்றொன்றையும் கவனிப்போம். கடவுள் அந்த ஓடையை மீண்டும் நிரப்பவில்லை. எழுந்து சாரிபாத்துக்குப் போ என்றார். அங்கே காத்திருந்தது செல்வர் மாளிகையன்று. பானையில் கைப்பிடி மாவும், கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த ஓர் ஏழைக் கைம்பெண். கடைசி உணவைச் சமைக்கச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் இறைவாக்கினர் கையேந்த வேண்டியிருந்தது. தேவ பராமரிப்பு என்று நம் முன்னோர் சொன்னது இவ்வழியாகவும் வரும். நாம் எதிர்பார்த்த வாசலில் அது நிற்பதில்லை.

ஆகவே ஆண்டவரை நம்புதல் என்பது, மூடிய ஆலை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. வேலை போனதை வீட்டாரிடம் மறைத்து, வழக்கம்போல் சாப்பாட்டுப் பையுடன் காலையில் புறப்பட்டுப் பூங்காவிலும் இரயில் நிலையத்திலும் பொழுதைக் கழிப்போர் உண்டு. அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தச் சுமையைத் தனியே சுமக்கும்படி இறைவன் கேட்பதில்லை. மாலைச் செபமாலை முடிந்ததும் கடிதத்தை எல்லார் முன்னும் பிரித்து வைப்பதே நம்பிக்கையின் முதற் செயலாகலாம். கையில் வந்த தொகையை நகையாகவோ விருந்தாகவோ மாற்றாமல் சில மாத அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்குவதும், கந்துவட்டிக்காரரின் திண்ணையை மிதியாதிருப்பதும் அதைச் சேர்ந்தவையே. வைப்பு நிதியைக் கேட்டுப் பெறுவதும், சங்கத்தோடு நின்று உரிமை கோருவதும் விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டா. வேலையற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் வாழ வழிசெய்வது சமுதாயத்தின் கடமை என்று இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில் கற்பித்துள்ளார்.

இனி, வேலை போகாத நம்மைப் பற்றி. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மாதச் சம்பளம் வாங்குகிறவர் வாயிலிருந்து அது வரும்போது, கேட்பவருக்கு எப்படி ஒலிக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? எலியாவை ஊட்டக் கடவுள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். நம் பங்கில் அந்த வீடு யாருடையது? வின்சென்ட் தே பவுல் சபையார் ஓசையின்றிச் சென்று வாசற்கதவைத் தட்டும் வழக்கம் இங்கேதான் பொருள் பெறுகிறது. வேறோர் ஆலையில் ஆள் எடுக்கும் செய்தியைத் தேடிப்போய்ச் சொல்வதும், நேர்முகத் தேர்வுக்குப் போகும் தாயின் குழந்தையை ஒருநாள் பார்த்துக்கொள்வதும் கைப்பிடி மாவுதான்.

திருப்பெரும்புதூரோடு இது நின்றுவிடவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் அங்கே கார் உற்பத்தி ஓய்ந்தது. நோக்கியாவின் பழைய ஆலையையோ, கைப்பேசிச் சார்ஜர்கள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பூட்டிய கதவுக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அதற்குள் அன்றைய இளம்பெண்களில் பலர் தாய்மார் ஆகியிருப்பர். பலருடைய வாழ்வு வேறு பாதையில் திரும்பியிருக்கும்.

சாரிபாத்திலும் மழை உடனே வரவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் மழையைப் பற்றிய வாக்கு எலியாவுக்கு வந்தது. அதுவரை அந்தப் பெண்ணின் பானை நிரம்பி வழிந்ததாகத் திருநூல் கூறவில்லை; மாவு தீரவில்லை என்று மட்டுமே கூறுகிறது. ஒவ்வொரு காலையும் அவள் பானைக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பாள். அன்றைய அப்பத்துக்கு மாவு இருந்தது.