காற்றில் வந்தவை – 14: செத்தவீட்டுச் செய்தியும் பிங்கோவும்

போன கிழமை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவோடு நிறுத்தியிருந்தோம். அந்தக் குரலைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் வாசிப்பார்கள். இந்தக் கிழமை எடுத்துக்கொண்டிருப்பது எவரும் ரசித்துக் கேட்காத, ஆனால் வடமராட்சியில் எவரும் தவறவிடாத ஒரு நிகழ்ச்சி. மரண அறிவித்தல்.

கரவெட்டியில் றேடியோ இருந்த வீடுகளில் சினிமாப் பாட்டு நேரம் ஆளாளுக்குக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மரண அறிவித்தல் தொடங்கினால் சின்னப் பிள்ளைகூட வாய் திறக்கக் கூடாது. அறிவிப்பாளர் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துக்கொண்டே போவார். முதலில் வருவது பிறப்பிடம். கரணவாய், துன்னாலை, உடுப்பிட்டி என்றால் பாதிக் காது கொடுப்பார்கள். கரவெட்டி என்றால் அடுப்படியில் அகப்பை நின்றுவிடும். பிறகு பெயர். பெயரை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது, ஊரில் எத்தனை கந்தையா, எத்தனை சின்னத்தம்பி! ஆகவே மற்ற விபரம் முழுக்கக் கேட்க வேண்டும். இன்னாரின் மூத்த மகன், இன்னாரின் மருமகன், கொழும்பில் இன்ன கந்தோரில் இருக்கிறவரின் மைத்துனர். மூன்றாவது உறவு வருவதற்குள் அம்மாமார் ஆளைப் பிடித்துவிடுவார்கள். எந்த ஒழுங்கை, எந்தக் காணி வழக்கு, கடைசியாக எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவரா வராதவரா என்பது வரைக்கும் ஞாபகம் ஓடி முடியும்போது, தகனம் எத்தனை மணிக்கு என்ற தகவல் வரும். அது கேட்டால்தான் எந்த பஸ் பிடிப்பது என்று முடிவெடுக்கலாம்.

செய்தி அறிக்கையில் நாட்டு நடப்பு வரும், ஐ.நா. சபை வரும். ஊர் நடப்பு கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த ஒரு வழியால்தான். அதுவும் காசு கட்டி.

இதை இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் கனடா. எண்பதுகளுக்குப் பிறகு அந்த அறிவித்தல்களில் வதிவிடம் மாறத் தொடங்கியது. வெள்ளவத்தை இருந்த இடத்தில் ரொறன்ரோ வந்தது. இன்றைக்குக் கரவெட்டியில் ஒருவர் காலமானால் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கனடா என்று வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் எங்கள் ஆட்கள் போய் இறங்கிய அந்த நாட்டிலும், எங்களுக்கு நெடுங்காலம் முன்பே அங்கிருந்த மக்கள் இதே வேலைக்கு வானொலியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போனால் சூ லுக்அவுட் என்றொரு சிறு பட்டினம். அதற்கும் வடக்கே ஓஜிப்வே, கிறீ, ஓஜி-கிறீ மொழிகள் பேசும் முதற்குடிகளின் ஊர்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பல ஊர்களுக்கு வீதி கிடையாது. போனால் சிறு விமானம், பனிக்காலத்தில் ஏரி உறைந்தபின் அதன்மேல் போடும் தற்காலிகப் பாதை. அங்கே 1974இல் 'வவாடே' என்ற தொடர்புச் சங்கம் தொடங்கியது. தொடக்கத்தில் அவர்கள் செய்த முக்கிய வேலைகளில் ஒன்று, வேட்டைக்கும் பொறி வைக்கவும் காட்டுக்குள் போகும் குடும்பங்களுக்கு இருவழி றேடியோக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்தது. ஆள் பத்திரமா, பனியில் மாட்டுப்பட்டானா, குழந்தைக்குக் காய்ச்சலா என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். பத்திரிகையும் ஒலிபரப்பும் அந்தத் தேவையோடு சேர்ந்து வளர்ந்தன.

அந்த ஊர்களின் சின்ன நிலையங்களில் என்ன போகும் என்று கேட்டால் எங்கள் வாசகருக்குச் சிரிப்பு வரும். பிறந்தநாள் வாழ்த்து, செத்தவீடு, இன்று விமானம் வருமா வராதா, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற எச்சரிக்கை, பிறகு பிங்கோ. ஆம், சூதாட்ட பிங்கோ! கடையில் அட்டை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் இருப்பார்கள், அறிவிப்பாளர் இலக்கங்களை வாசிப்பார், வரிசை நிரம்பியவர் தொலைபேசியில் கூப்பிடுவார். அந்த அட்டைக் காசில்தான் பல நிலையங்களின் கரண்ட் பில் கட்டப்படுகிறது. கொழும்பிலும் ஒட்டாவாவிலும் இருக்கிற பெரிய மனிதர்களுக்கு இது ஒலிபரப்பாகவே தெரியாது. எனக்கென்றால் இதுதான் ஒலிபரப்பு.

மொழி விஷயத்துக்கு வருவோம். கனடாவில் வதிவிடப் பாடசாலைகள் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அரசும் தேவாலயங்களும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடத்தி, கடைசிப் பாடசாலை 1990களில்தான் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் பிள்ளைகள் வரை வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அங்கே அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் வாய் திறந்தால் அடி. அப்படிப் படித்து வெளியே வந்த தலைமுறைக்கு, கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1958இல் வட பகுதிச் சேவையைத் தொடங்கி, சில ஆண்டுகளில் இனுயிட் மக்களின் மொழியிலும் பேசத் தொடங்கியபோது எப்படி இருந்திருக்கும்? அடித்து அழித்த அதே அரசு, காற்றில் அதே மொழியைத் திருப்பி அனுப்புகிறது.

எங்களுக்குத் தமிழ் பேசியதற்குப் பள்ளிக்கூடத்தில் அந்த மாதிரி அடி விழவில்லை. எங்களுக்கிருந்தது வெட்கம். வானொலித் தமிழ் என்றால் அது எழுத்துத் தமிழ், அல்லது மதராஸ் சினிமாத் தமிழ். "எணேய், இஞ்சை வாணை" என்று ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இலங்கை வானொலி 1949இல் அந்தப் பெயரோடு இயங்கத் தொடங்கிச் சில வருடங்களில் அந்த வெட்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் இலங்கையர்கோன். ஏழாலைக்காரர், காரியாதிகாரியாக உத்தியோகம் பார்த்தவர், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தும் நாசூக்கான சிறுகதைகள் எழுதியும் பேரெடுத்தவர். அவரேதான் 'விதானையார் வீட்டில்' என்ற தொடர் நாடகத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார். அதில் நடித்துப் பேரெடுத்த இளைஞர்களில் ஒருவர் எங்கள் ஊர். 1932இல் கரவெட்டியில் பிறந்து, விக்னேஸ்வராவில் படித்து, கொழும்பு ஸாஹிராவுக்குப் போன கார்த்திகேசு சிவத்தம்பி.

பிறகு அவர் பேராசிரியரானார், பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பழந்தமிழ் நாடகம் பற்றி ஆய்வு செய்தார், 2011இல் காலமாகும்வரை தமிழுலகம் அவரைக் கோட்பாட்டாளராகவே பார்த்தது. எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு மார்க்சியமும் தெரியாது, விமர்சகர் கைலாசபதியோடு அவர் சேர்ந்து செய்ததும் தெரியாது. தங்கள் பேச்சை றேடியோவில் கேட்கலாம் என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் தங்கள் ஊர்ப் பெடியன் என்பது மட்டும் தெரியும். எனக்கு அது ஆய்வு நூல்களுக்குக் குறைந்த காரியமாகப் படவில்லை. பின்னால் சானாவின் 'லண்டன் கந்தையா' வந்தது, ஜேசுரட்ணத்தின் 'முகத்தார் வீடு' வந்தது, சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வந்தது. எல்லாம் அந்தத் திறந்த கதவால் வந்தவை.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கதவு திறந்தது விதானையார் வீட்டுக் கதவுதான். ஊரில் அதிகாரமும் காணியும் உள்ள வீட்டின் திண்ணைப் பேச்சு வானொலிக்கு வந்தது. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களின் பேச்சு வந்ததா? 1969, 70 காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது, நெல்லியடி அம்பலத்தாடிகள் என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யைக் காத்தான் கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடினார்கள். இளைய பத்மநாதன் அதன் முதுகெலும்பு. கரவெட்டி, நெல்லியடிச் சனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. இப்படியான கூத்துக்குக் கொழும்பு ஒலிபரப்பில் சினிமாப் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. 'நாங்கள்' என்று சொல்லும்போது யாரை எண்ணுகிறோம் என்ற கேள்வி கனடாக்காரருக்கு மட்டுமானதல்ல. வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் இருக்கிறார்கள். தமிழ் ஒலிபரப்பு ஒன்றில் அவர்களுடைய சடங்குப் பாட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

பாட்டு என்றதும் 1990 நினைவுக்கு வருகிறது. கியூபெக்கில் ஒக்கா என்ற பட்டினத்தின் மேயர், ஒன்பது குழி கொல்ஃப் மைதானத்தைப் பதினெட்டாக்கப் பக்கத்துப் பைன் காட்டைக் கேட்டார். அந்தக் காடும் அதனுள் இருந்த மயானமும் கனசதாகே மோஹாக் மக்களுடையவை. மறித்தார்கள். ஜூலை 11ஆம் திகதி பொலிஸ் புகுந்தது, சுட்டுச் சண்டையில் ஒரு பொலிஸ்காரர் இறந்தார், பிறகு இராணுவம் வந்தது. 78 நாள் முற்றுகை. அந்த நாட்களில் உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே சிதறிய குடும்பத்தினருக்கும் இடையில் செய்தி போனது கனசதாகேயின் சின்ன சமூக வானொலியாலும், ஆற்றுக்கு அப்பால் கானவாகேயில் இருந்த இன்னொன்றாலும்தான்.

அதே நேரம் இன்னொன்று நடந்தது. கஷ்டின் என்று இரண்டு இளைஞர்கள், இன்னு இனத்தவர்கள். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பேசும் தங்கள் மொழியில் கிற்றார் வாசித்துப் பாடி 1989இல் வெளியிட்ட தட்டு, ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சுக்காரர் மத்தியிலேயே பெரிய வெற்றி. அவர்களுக்கும் மோஹாக்குகளுக்கும் மொழியும் வேறு, ஊரும் வேறு. ஒக்கா வெடித்ததும் மொன்றியலில் ஒரு வானொலி அவர்களின் பாட்டை நிறுத்தியது! குற்றம், செவ்விந்தியராயிருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் பெயரைக் கேட்டே ஆளைப் பிரித்ததைப் பார்த்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒக்கா முற்றுகை நடந்த அதே 1990 கோடையில் இங்கே சண்டை மறுபடி மூண்டது, குடாநாட்டுக்கு மின்சாரம் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. றேடியோ இருக்கிறது, உயிர் இல்லை. அதற்குச் சனம் கண்ட வழி சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்தோ ஸ்ராண்டில் ஏற்றியோ நிறுத்தி, பின் சில்லில் டைனமோவை உரச விட்டு, விளக்குக்குப் போகும் வயரைக் கழற்றி றேடியோவில் முடிவார்கள். வீட்டில் இருக்கிற பெடியனின் வேலை பெடலைக் கையால் சுற்றுவது. பி.பி.சி. தமிழோசையோ மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸோ பேசத் தொடங்கும். பெடியன் களைத்தால் தமிழோசை ஆனந்தியின் குரலும் சேர்ந்து களைக்கும். "சுத்தடா சுத்தடா, இப்பதான் எங்கடை இடத்தைச் சொல்லுறாங்கள்" என்று சுற்றியிருக்கிற பத்துப் பேரும் கத்துவார்கள். அந்தக் கத்தலில் செய்தி போய்விடும். மறுநாள் வேறு வீட்டில் சைக்கிள் சுற்றியவர்களிடம் கேட்டுத்தான் முழுதும் அறிவது. வடமராட்சியில் நடந்ததை வடமராட்சியார் லண்டனைக் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம்.

அந்தப் பெடியன்களில் பலர் இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிவிட்டார்கள். ரொறன்ரோவில் தமிழ் வானொலிகள் தொடங்கிய காலத்தில் சாதாரண றேடியோவில் அவற்றைக் கேட்க முடியாது. பண்பலையின் உப அலையில் வந்ததால் அதற்கென்று ஒரு தனிப் பெட்டி வேண்டும், தமிழ்க் கடைகளில் விற்றார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் அந்தப் பெட்டி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், விசேடமாக மரண அறிவித்தலுக்காக. 2004இல் 101.3இல் பல்லினப் பண்பலை வந்தபின்தான் காரிலும் தமிழ் கேட்டது.

முதற்குடிகளின் கதை வேறு மாதிரிப் போனது. காடு விட்டு நகரத்துக்கு வந்த தங்கள் ஆட்களுக்கென்று அவர்கள் ரொறன்ரோவில் 106.5இல் ஒரு நிலையம் நடத்தினார்கள். பிங்கோ அட்டை வாங்க ஊர் இல்லை, விளம்பரம் கொடுக்க நகைக்கடை இல்லை. காசு இல்லாமல், சொன்னபடி நிகழ்ச்சி தயாரிக்க முடியாமல் இழுபட்டு, 2015இல் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ரொறன்ரோ உட்படப் பல நகரங்களின் உரிமத்தைப் பறித்தது. 2017இல் அதே அலைவரிசையை வேறொரு முதற்குடி அமைப்புக்குக் கொடுத்தார்கள், 2018இல் ஒலி வந்தது. எங்களுக்கு அங்கே நகைக்கடையும் வீடு விற்கும் முகவரும் விளம்பரம் தருகிறார்கள் என்பதைத் தவிர எங்கள் கெட்டித்தனம் இதில் பெரிதாக எதுவுமில்லை.

இப்போது ரொறன்ரோத் தமிழ் விழாக்களில் ஒரு புது வழக்கம். குத்துவிளக்கு ஏற்றுவதோடு, இந்த நிலம் மிசிசாகா முதலான மக்களின் பாரம்பரிய நிலம் என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வேகமாக வாசித்துவிட்டுப் போகும். தேவாரத்தைவிட வேகம். கேட்கிறவர்கள் கைத்தொலைபேசியை நிசப்தமாக்கிக்கொள்ளும் நேரம் அது.

கரவெட்டியிலிருந்து போய் இருபது வருடத்துக்கு மேலாக அங்கே வாடகைக் கார் ஓட்டும் மச்சான் ஒருவர், மாமியின் அந்தியேட்டிக்கு வந்திருந்தார். 106.5ஐ எப்போதாவது கேட்டதுண்டா என்று விசாரித்தேன்.

"ஓம், இரவு ஓட்டத்திலை கேக்கிறனான். நல்ல பழைய ரொக் பாட்டெல்லாம் போடுவாங்கள், இடையிலை மேளம் அடிச்சு ஏதோ ஒரு பாசையிலை பாடுவாங்கள். ஏன், அது ஆரின்ரை றேடியோ?"

சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அதிலை செத்தவீடு சொல்லுறவங்களோ?"

(தொடரும்)